சாட்சி நின்ற வன்னி

காரைக்கால்மேட்டுக் கடற்கரையிலிருந்து மேற்கே சில கல் தொலைவில் இருக்கிறது திருநள்ளாறு. சனிக்கிழமை விடியலில் நளதீர்த்தத்தில் நீராடி எள் தீபம் ஏற்றச் செல்லும் அடியார் கூட்டத்தில் இந்தக் கடலோரச் சிற்றூரின் முதியோரும் உண்டு. இல்லத்தில் நவக்கிரக ஹோமம் செய்ய எண்ணுவோர் திரும்பும் வழியில் பூசைப் பொருட்கடையில் சமித்துக் கட்டு ஒன்று வாங்கிக்கொள்வர். ஒன்பது கோள்களுக்கு ஒன்பது சமித்து. சூரியனுக்கு எருக்கு, சந்திரனுக்குப் புரசு, செவ்வாய்க்குக் கருங்காலி, புதனுக்கு நாயுருவி, வியாழனுக்கு அரசு, வெள்ளிக்கு அத்தி, சனிக்கு வன்னி, ராகுவுக்கு அறுகு, கேதுவுக்குத் தர்ப்பை. (அந்தத் தர்ப்பையே திருநள்ளாற்றுக்குத் தலவிருட்சமும் ஆகும்.) கட்டைப் பிரித்தால் அறுகும் தர்ப்பையும் புல் என்று தெரியும். மற்றவை பெரும்பாலும் ஒரு சாண் நீளக் காய்ந்த குச்சிகள். இலை இல்லை, பூ இல்லை, காய் இல்லை. இது வன்னி, இது கருங்காலி என்று எதைக் கொண்டு அறிவது? கடைக்காரர் சொல்கிறார். அவரிடம் கொண்டுவந்து விற்றவர் அவருக்குச் சொன்னார். விற்றவருக்கு யார் சொன்னார் என்பதை யாரும் கேட்பதில்லை. சாத்திரமோ மரத்தைப் பெயர் சுட்டி விதிக்கிறது.

இந்த ஒன்பதில் புரசு, கருங்காலி, வன்னி ஆகிய மூன்றும் அவரைக் குடும்பத்து மரங்கள். அவரை, துவரை, உளுந்து, பச்சைப்பயறு, கொல்லைப்புறத்து அகத்தி, புளி, ஆற்றங்கரைப் புங்கு, சிவபெருமான் சூடும் கொன்றை, வாகை, ஆத்தி, வேங்கை யாவும் இக்குடும்பத்தவை. காய் முற்றினால் இரு பக்கமும் ஓடாக நிற்க, உள்ளே விதைகள் வரிசையாக அமைவது இவற்றின் பொது அடையாளம். உலகில் ஏறத்தாழ 19,000 இனங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. ஆலயத்தோடும் புராணத்தோடும் இத்தனை நெருங்கிய உறவு கொண்ட வேறு மரக்குடும்பத்தைச் சொல்வது கடினம். வள்ளியை நாடிச் சென்ற முருகப்பெருமான், நம்பிராசன் வந்தபோது வேங்கை மரமாக நின்றதைக் கந்தபுராணம் கூறும். பாண்டவர் அஞ்ஞாதவாசத்தின்போது ஆயுதங்களை வன்னி மரத்தில் மறைத்து வைத்தனர். விசயதசமியன்று வன்னியின்மேல் அம்பெய்யும் வழக்கம் இன்றும் பல ஆலயங்களில் நடைபெறுகிறது. கொலுப்படியில் முதலில் அமரும் மரப்பாச்சி, செஞ்சந்தன மரத்தில் கடையப்பட்டது, அதுவும் இக்குடும்பமே.

உறவு இத்தனை நெருக்கமாயினும் பெயர்கள் மட்டும் மயங்கிக் கிடக்கின்றன. கருங்காலி ஒன்றே போதும். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி எந்த மரத்தின் வைரத்தைக் காய்ச்சி எடுக்கப்படுகிறதோ, அந்த முள்மரத்துக்குக் கருங்காலி என்று பெயர். வடமொழி நூல்கள் கதிரம் என்று குறிப்பது இதையே. இலைக்காம்பின் அடியில் இரட்டை இரட்டையாகக் கொக்கி முள்ளும், தட்டையான காயும் உடையது இது. ஆனால் முள்ளே இல்லாத, தனி இலை கொண்ட, உருண்டைக் கனி காய்க்கும் வேறொரு மரத்துக்கும் கருங்காலி என்றே பெயர் வழங்குகிறது. அதன் வைரம் மை போலக் கறுத்திருக்கும். இரண்டுக்கும் குடும்பமே வேறு. இந்நாளில் கருங்காலி மாலை என்று நல்ல விலைக்கு விற்கப்படுவது இவ்விரண்டில் எது என்று வாங்குவோர் கேட்பதில்லை. சில வேளைகளில் இரண்டுமே இல்லாத, சாயம் ஏற்றிய மரமாகவும் அது இருக்கக்கூடும். சந்திரனுக்குரிய சமித்தை முருக்கு என்று எழுதிய ஏடுகளும் உண்டு. முருக்கு என்பது புரசைக் குறிக்கும். முள்முருக்கு என்றால் கல்யாண முருங்கையைக் குறிக்கும். சீதாபிராட்டி சிறையிருந்த அசோகத்தின் நிலையோ இரங்கத்தக்கது. வீட்டு வாசல்களில் ஈட்டி போல உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தை அசோக மரம் என்று சொல்லிச் சொல்லி, செங்கொத்தாகப் பூக்கும் உண்மையான அசோகத்தைப் பார்த்தறியாத இரண்டு தலைமுறைகள் வந்துவிட்டன.

பெயர் மயங்கும் இடத்தில் சாட்சி வேண்டும். மரத்துக்குச் சாட்சி யார்? இதற்கு விடை தேடுவோர் காரைக்கால்மேட்டிலிருந்து நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வடக்கே, அதே கடற்கரையில், தரங்கம்பாடி இருக்கிறது.

1620 முதல் 1845 வரை டென்மார்க்கு நாட்டினர் வசம் இருந்த அவ்வூருக்கு, 1768-ஆம் ஆண்டு யோகான் கெரார்டு கோனிக் என்ற மருத்துவர் வந்து சேர்ந்தார். தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசிடம் நேரே பாடம் கேட்டவர் அவர். அங்கிருந்த சமயப் பணியாளருக்கு வைத்தியம் பார்ப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. அவர் மனமோ மருந்துக்கான செடிகளையும் கடந்து, வேலியில் நின்ற ஒவ்வொரு கொடியிலும் மரத்திலும் சென்று படிந்தது. பூவோடும் காயோடும் கிளையை ஒடித்து, தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தி, ஐரோப்பிய அறிஞர்களுக்குக் கப்பலில் அனுப்பினார். 1785-இல் அவர் இந்திய மண்ணிலேயே காலமானார். அவருக்குப் பின் அந்தப் பணியைத் தொடர்ந்தவருள் தலையாயவர் யோகான் பீட்டர் ராட்லர். 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், பிற்காலத்தில் சென்னைக்குச் சென்று 1836-இல் அங்கேயே மறைந்தார். தமிழ் கற்றோர் அவரை வேறு வகையில் அறிவர். 1834 முதல் 1841 வரை வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதி அவர் தொகுத்தது. ஒரு கையால் சொற்களையும் மறு கையால் கிளைகளையும் சேர்த்தவர் என்று அவரைச் சொல்லலாம். இரண்டும் ஒரே வேலைதான் என்று கருதவும் இடமுண்டு. சொல் இன்ன பொருளைக் குறிக்கும் என்று நிறுத்துவது அகராதி. பெயர் இன்ன மரத்தைக் குறிக்கும் என்று நிறுத்துவது உலர்ந்த கிளை.

இப்படி உலர்த்திய கிளைகளைக் காக்கும் இடத்தை ஆங்கிலத்தார் ஹெர்பேரியம் என்பர். தமிழில் உலர்தாவரக் கூடம் என்கிறார்கள். அங்கே நடப்பது எளிய வேலை. பொறுமை மட்டும் மிகுதியாக வேண்டும். காட்டில் மரத்தைக் கண்டவுடன் பூவும், கிடைத்தால் காயும் உள்ள சிறு கிளையைக் கொய்வர். செய்தித்தாள் மடிப்பில் இலைகளைப் பரப்பி, மரச்சட்டங்களுக்கிடையே இறுக்கிக் கட்டுவர். ஈரத்தாளை நாள்தோறும் மாற்றுவர். ஒருநாள் தவறினாலும் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்தபின் பூச்சி அரிக்காதிருக்க மருந்திட்டு, ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டி, நூலால் தைப்பர். அவரைக் குடும்பத்து மரங்கள் இதில் சற்றுத் தொல்லை தரும். உலரும்போதே வன்னி, வாகை போன்றவற்றின் சிற்றிலைகள் கூந்தற்பூ உதிர்வது போல உதிர்ந்துவிடும். அவற்றைப் பொறுக்கிச் சிறு உறையில் இட்டு அதே தாளில் ஒட்டி வைப்பர். சரக்கொன்றையின் காயோ ஒரு முழத்துக்கும் மேல் நீண்டு தாளுக்குள் அடங்காது. அதைத் தனிப் பெட்டியில் வைத்து எண் எழுதுவர். கொன்றையின் பொன்னிறமும் சில ஆண்டுகளில் வெளுத்துப் பழுப்பாகும்.

ஆதலால் தாளின் வலக்கீழ் மூலையில் ஒட்டப்படும் சிறு சீட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். கொய்த ஊர், நாள், கொய்தவர் பெயர், அவர் கொடுத்த வரிசை எண், மரத்தின் உயரம், உலருமுன் பூ இருந்த நிறம், அவ்வூரார் வழங்கும் பெயர் ஆகியவை அதில் இருக்கும். சீட்டு இல்லாத கிளை வெறும் சருகு. தரங்கம்பாடிக் காலத்துத் தாள்களில் இந்தக் குறை உண்டு. அக்காலத்தார் பலர் ஊரைக் குறிக்காமல் இந்தியா என்று மட்டும் எழுதி அனுப்பினர். மரம் இன்னது என்று அத்தாள் சொல்லும். எந்த ஊரில் எந்தக் கரையில் நின்றது என்று கேட்டால் வாய் திறக்காது. அத்தனை தூரம் கடல் கடந்து அனுப்பியவர்கள் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம்.

காகிதத்தில் ஒட்டிய சருகு எப்படிச் சாட்சியாகும் என்று ஐயுறுவோர் திருப்புறம்பயத்தை நினைக்க வேண்டும். கும்பகோணத்துக்கு அருகில், இறைவன் சாட்சிநாதர் என்னும் திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கும் தலம் அது. பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தின் நிறைவுப் படலம் அத்தலத்தைத் தொட்டு நடக்கிறது. கடற்கரைப் பட்டினத்து வணிகர் ஒருவர், தம் ஒரே மகளை மதுரையில் வாழும் மருமகனுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு இறந்துபோகிறார். மருமகன் வந்து அப்பெண்ணை அழைத்துக்கொண்டு மதுரைக்குத் திரும்புகிறான். வழியில் புறம்பயத்தில் இரவு தங்கும்போது அரவம் தீண்டி அவன் உயிர் நீங்குகிறது. யாருமற்ற இடத்தில் அந்தப் பெண் கதறுகிறாள். அங்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர் இறைவன் அருளால் அவனை எழுப்பி, அவளை அங்கேயே மணந்துகொள்ளப் பணிக்கிறார். சுற்றத்தார் இல்லாமல் எப்படி மணப்பது என்று அவன் தயங்க, அங்கிருந்த வன்னியும் கிணறும் இலிங்கமும் சாட்சியாகின்றன. பின்னாளில் மதுரையில் மூத்த மனைவி, உன் மணத்துக்குச் சாட்சி யார் என்று பழிக்கிறாள். அந்த வன்னி இங்கே வருமானால் நம்புகிறேன் என்று ஏளனம் செய்கிறாள். இளையவள் சொக்கநாதரை வேண்டி அழ, வன்னியும் கிணறும் இலிங்கமும் மதுரைத் திருக்கோயிலில் வந்து தோன்றுகின்றன.

இந்தப் படலத்தைச் செவிமடுக்கும் முதியோர் கண் கலங்குவது, ஆதரவற்ற பெண்ணுக்கு மரம் துணை வந்ததே என்பதற்காக. வேறொன்றும் அதில் இருக்கிறது. எந்த மரம் என்று புராணம் ஐயமின்றிச் சொல்கிறது. ஏதோ ஒரு மரம் சாட்சி நின்றது என்று விட்டுவிடவில்லை. சாட்சிக்குப் பெயர் வேண்டும், நின்ற இடம் வேண்டும், கேட்கும்போது மன்றில் வந்து நிற்க வேண்டும். உலர்தாவரத் தாள் செய்வதும் இதைத்தான். மரம் நின்ற இடத்தை விட்டு வர இயலாது. அதன் ஒரு கிளை தாளில் ஏறி, பெயரோடும் ஊரோடும் நாளோடும் தொலைதூரத்து மன்றுக்கு வருகிறது.

வன்னியின் பெயரைப் பொறுத்தே அத்தகைய வழக்கு ஒன்று அண்மையில் தீர்ந்தது. லின்னேயஸ் 1767-இல் புரோசோபிஸ் என்ற பேரினப் பெயரை அமைத்தபோது, அதற்கு அடிப்படையாக நின்றது இந்தியாவின் வன்னி. பின்னர் அமெரிக்க மண்ணில் விளையும் பல முள்மரங்களையும் அறிஞர் அதே பெயருக்குள் சேர்த்தனர். அவற்றுள் ஒன்றுதான் 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக இங்கே கொண்டுவரப்பட்டு, இன்று காரைக்கால் கடலோரத்திலும் குளக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் புதர்புதராக மண்டியுள்ள சீமைக்கருவேலம். ஆகக் காகிதக் கணக்கில், சனீசுவரனுக்கு உகந்த வன்னியும் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று ஊரார் ஏசும் சீமைக்கருவேலமும் ஒரே பெயருடைய உறவினராகப் பல காலம் இருந்தன. 2022-இல் ஆய்வாளர்கள் இவற்றின் மரபுவழியை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே கிளையைச் சேர்ந்தவை அல்ல என்று பிரித்தனர். புரோசோபிஸ் என்ற பெயர் வன்னியிடமே தங்கியது. சீமைக்கருவேலம் நெல்டுமா என்ற வேறு பெயருக்குப் போனது. பெயருக்கு மூலமாக நின்றது எதுவோ அதற்கே பெயர் உரியது என்பது தாவரவியலாரின் சட்டம். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வன்னியை மூலமாக வைத்த செயல் இவ்வழக்கில் சாட்சி சொன்னது.

ஏட்டில் தீர்ந்த வழக்கு நிலத்தில் தீரவில்லை. சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்ட நாள்களில் ஊர்தோறும் இயந்திரங்கள் இறங்கின. முள்மரம் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவோர் கையில் அரிவாள் இருக்குமானால் வன்னிக்கும் அதே கதிதான். வேறுபாடு அறிவது கடினமும் அன்று. சீமைக்கருவேலத்தின் முள் இலைக்கணுவில் நீண்டு பருத்து இரட்டையாக நிற்கும். வன்னியின் முள் சிறியது. கணுக்களுக்கு இடையிலும் சிதறி இருக்கும். சீமையின் காய் தட்டையாக, பழுத்தால் மஞ்சளாக, ஆடு விரும்பும் இனிப்போடு இருக்கும். வன்னியின் காய் மெலிந்து உருண்டு சரமாகத் தொங்கும். கோயில் நந்தவனத்தில் தலவிருட்சத்தைச் சுற்றி வரும் அன்பர்கள், வலம் வருவதோடு அதன் இலையையும் முள்ளையும் ஒருமுறை நின்று பார்த்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினால், அதுவும் வழிபாடே.

காரைக்கால்மேட்டுக்கு இது வெறும் புத்தகச் செய்தி அன்று. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் அவ்வூர் உயிர்களையும் வீடுகளையும் இழந்தது. மனிதரை இழந்த ஊரில் மரத்தைக் கணக்கெடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் கடல்நீர் நின்ற இடத்தில் மரங்களும் பட்டுப்போகும். அலைக்கு முன் கரையோரம் எங்கே புங்கு நின்றது, எங்கே வெள்வேல் நின்றது என்பதை எழுபது வயது கடந்தோர் சொல்ல முடியும். அவர்களுக்குப் பின் சொல்ல ஒருவரும் இரார், யாரேனும் ஒரு கிளையை எடுத்து ஊரும் நாளும் எழுதி வைத்தாலன்றி.

நாளைக் குறிப்பதன் அருமைக்குக் கொன்றையே எடுத்துக்காட்டு. சங்கப் புலவருக்குக் கொன்றை கார்காலத்தின் அடையாளம். தலைவன் குறித்த பருவம் வந்ததோ என்று தலைவி கலங்க, இக்கொன்றை அறிவற்றது, காலம் தவறிப் பூத்துவிட்டது என்று தோழி தேற்றும் காட்சி குறுந்தொகையில் உண்டு. இன்று சரக்கொன்றை பொன்மழை பொழிவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில். தோழி சொன்னது தலைவியை ஆற்றுவிக்கச் சொன்ன பொய். மரங்கள் மெய்யாகவே காலம் மாறிப் பூக்கின்றனவா என்று இந்நாளைய ஆய்வாளர் அறிய விரும்பும்போது, நூறாண்டு, இருநூறாண்டுத் தாள்களை எடுத்து, பூவோடு கொய்த நாள்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். கொய்தவர் இதற்காக எழுதவில்லை. எழுதி வைத்தார், அது இன்று உதவுகிறது.

தமிழகத்தில் இந்தச் சாட்சிகள் உறங்கும் இடங்கள் சில உண்டு. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் காப்பில் பழைய சென்னை மாகாணத்துத் தொகுப்பு இருக்கிறது. அத்தகைய தாள்களை ஆராய்ந்தே கேம்பிள் என்ற வனத்துறை அதிகாரி சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய பெருநூலைத் தொடங்கினார். 1915-இல் வெளிவரத் தொடங்கிய அந்நூலை, அவர் மறைவுக்குப் பின் பிஷர் என்பவர் 1936-இல் நிறைவு செய்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவரக் கூடத்தை நிறுவிய அருட்தந்தை மத்தேயு, மாணவரோடு காடுமேடெல்லாம் நடந்து கிளை சேர்த்து, தமிழகத்துக் கர்நாடகச் சமவெளியின் தாவர நூலைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். 1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்ததன் தொடர்ச்சி போல, 1955-இல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் ஓர் உலர்தாவரக் கூடம் உண்டு. ராட்லர் சேர்த்த தாள்களில் பெரும்பகுதி இலண்டன் அருகே கியூ தோட்டத்தில் இருக்கிறது.

காகிதம் என்றென்றும் காக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. தரங்கம்பாடிக் கிளைகள் சில, பெர்லினில் வில்டெனோ என்ற அறிஞரிடம் போய்ச் சேர்ந்திருந்தன. இரண்டாம் உலகப்போரில், 1943 மார்ச்சு மாத முதல் நாள் இரவு, அந்நகரின் உலர்தாவரக் கூடம் குண்டுவீச்சில் எரிந்தது. இலட்சக்கணக்கான தாள்கள் ஓரிரவில் சாம்பலாயின. வில்டெனோவின் தொகுப்பு மட்டும் தனியே பாதுகாக்கப்பட்டிருந்ததால் தப்பியது. வன்னி என்ற சொல்லுக்கே நெருப்பு என்றும் பொருள். வேள்வித் தீயைக் கடையும் அரணிக்கும் வன்னிக்கும் பழைய உறவு உண்டு. இந்த மண்ணிலிருந்து போன கிளைகள் அந்நியத் தேசத்து நெருப்புக்கு அன்று தப்பின.

ஒவ்வொரு தாளின் சீட்டிலும் கொய்தவர் பெயர் இருக்கிறது. அதன் கீழே, ஊரார் வழங்கும் பெயர் என்ற இடத்தில், வன்னி என்றோ புரசு என்றோ ஒரு தமிழ்ச்சொல் சில தாள்களில் அயல்நாட்டு எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். வழிப்போக்கரான ஒரு வைத்தியருக்கு அம்மரத்தைக் கைகாட்டி, அதன் பெயரை நாவால் சொல்லிக் கொடுத்தவர் ஆடு மேய்த்தவராகவோ, விறகு பொறுக்கிய பாட்டியாகவோ, நந்தவனத்துப் பண்டாரமாகவோ இருந்திருப்பார். அவர் பெயரைச் சீட்டில் எழுத இடம் விடப்படவில்லை.